தள்ளு, நான் பாக்குறேன்!

ரிப்பேர் பார்க்கத் தெரிந்தவர்கள் உண்டு. தெரியாதவர்கள் உண்டு. இந்த இரண்டிலும் சேராத மூன்றாவது இனம் ஒன்றும் உண்டு. தெருவில் யார் வீட்டு மிக்ஸி நின்றாலும், மோட்டார் நின்றாலும், டி.வி.யில் புள்ளி விழுந்தாலும் அதற்கு மூக்கில் வேர்த்துவிடும். செருப்பைக் கழற்றும்போதே "தள்ளு, நான் பாக்குறேன்" என்று குரல் கொடுத்துக்கொண்டு உள்ளே வரும். வந்து உட்கார்ந்த இடத்தை விட்டு அதை எழுப்ப ஆண்டவனாலும் ஆகாது. நீங்கள் பார்த்ததில்லையா? கொடுத்துவைத்தவர்!

மஞ்சக்குப்பத்துக் காயத்ரி அப்படிக் கொடுத்துவைத்தவள் இல்லை. அவளுக்கு வாய்த்த தாய்மாமன் சிங்காரம், சிதம்பரத்தில் ஓர் அலுவலகத்தில் ஹெட் கிளார்க். அப்பா இல்லாத வீடு என்பதால் மாமா வைத்ததுதான் அங்கே சட்டம். அவர் அந்த ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து வந்து இறங்கியதற்குக் காரணம், மறுநாள் காயத்ரிக்கு நிச்சயதார்த்தம் என்பது பாதி. கம்ப்யூட்டரில் மாட்டுகிற புதுச் சாமான் ஒன்று வீட்டுக்கு வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டது மீதி.

சாமானை அனுப்பியவன் மாப்பிள்ளை எழிலன், ஹூஸ்டனிலிருந்து, நண்பன் ஒருவன் கையில். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய டப்பா. ஒரு முனையைக் கம்ப்யூட்டரின் யு.எஸ்.பி. ஓட்டையில் செருகி, மறு முனையில் சாதாரண டெலிபோனை மாட்டினால், இன்டர்நெட் வழியாக அமெரிக்காவோடு ஓசியில் பேசலாம். ஞாயிறு சாயங்காலம் ஏழரை மணிக்குள் கூப்பிடச் சொல்லியிருந்தான்.

காயத்ரிக்கு அவனிடம் கேட்க ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. அவளுடைய பி.எச்.டி. முடிய இன்னும் ஒரு வருஷம் பாக்கி. முடித்துவிட்டு வரலாமா, இல்லை தாலி ஏறின கையோடு மூட்டையைக் கட்டணுமா? பெரியவர்களைக் கேட்டால், "அதெல்லாம் அப்பறம் பேசிக்கலாம்." அவன் வாயால் பதில் வராமல் தட்டு மாற்றச் சம்மதிக்க மாட்டேன் என்று அம்மா ஞானாம்பாளிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? காயத்ரி எம்.சி.ஏ. படித்தவள். கல்லூரியில் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் பாடம் நடத்துகிறவள்.

"மாமா, நானே மாட்டிடுறேன்."

"நீ படிச்சது பொஸ்தகம்மா. இது பிராக்டிக்கலு. தள்ளு, நான் பாக்குறேன்."

எழுந்துவிட்டாள். வேறென்ன செய்வாள்? ஆனால் மாமா உடனே தொடவில்லை. ராகு காலம்! ஆறு மணிவரை டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, தம் ஆபீசுக் கம்ப்யூட்டர்களெல்லாம் தம்மைக் கண்டால் எப்படி நடுங்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஆறு அடித்தது. புதுச் சாமானைப் பொட்டு வைக்காமல் ஆரம்பிக்கலாமா? சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து, சரியாக அந்தச் செருகுகிற முனையிலேயே அப்பி, மேலே குங்குமம் வைத்து, கற்பூரமும் காட்டி, "முருகா!" என்று ஓட்டையில் சொருகினார். இது என்ன வஸ்து என்றே தெரியவில்லை என்று கம்ப்யூட்டர் கையை விரித்துவிட்டது.

"மாமா, சந்தனம் உள்ள பூந்திருக்கும். தொடச்சிட்டு மாட்டுனா..."

"சாமிக்கே வெக்கிற சந்தனம். இந்த டப்பாவ என்னா பண்ணும்? வைரஸும்மா, வைரஸ்."

பிறகு நடந்ததை என்னவென்று சொல்ல! மானிட்டரின் தலையில் இரண்டு தட்டு. பின்னால் இருந்த ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, எதை எங்கிருந்து பிடுங்கினோம் என்று தெரியாமல் ஒவ்வொரு ஓட்டையாகச் செருகிப் பார்த்தார். அணைத்து, போட்டு, மறுபடி அணைத்து, "மெமரி ஜாஸ்தியா அடைச்சிக்கிட்டு கெடக்கு" என்று கண்டுபிடித்து, கண்ணில் பட்ட போல்டரையெல்லாம் குப்பைத்தொட்டிக்கு இழுக்க ஆரம்பித்தார். 'தீசிஸ்' என்ற போல்டர் நகர்ந்தபோது காயத்ரி பாய்ந்து அவர் கையைப் பிடித்துவிட்டாள்.

"அதுல அப்படி என்னாம்மா இருக்கு?"

"என் நாலு வருஷம், மாமா." அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

மாமா காபி குடிக்கத் திரும்பிய நேரத்தில் ஞானாம்பாள் டப்பாவை உருவி, முந்தானையால் நன்றாகத் துடைத்து, மறுபடி செருகிவிட்டாள். டப்பாவில் குட்டி விளக்கு எரிந்தது.

"பாத்தியா, ரீஸ்டார்ட் பண்ணேன்ல!" என்றார் மாமா. நம்பரையும் அவரே போட்டார், ரிசீவரையும் அவரே பிடித்துக்கொண்டார். "மாப்ள! நாந்தான் சிங்காரம்! கேக்குதா? ஒண்ணு, ரெண்டு, மூணு சொல்லுங்க... காயத்ரிதான? பக்கத்துலதான் நிக்கிது, குடுக்குறேன். கொஞ்சம் கொரல் எதிரொலிக்கிற மாதிரி இருக்கு, இருங்க, ஒரு சின்ன செட்டிங்க மட்டும் மாத்திடுறேன்."

மாற்றினார். லைன் செத்தது. நன்றாக ஓடுகிற ஒன்றை ஓட விடுவது இந்த இனத்தின் அகராதியிலேயே கிடையாது.

மணி ஏழே கால். காயத்ரி தன் செல்போனை எடுத்தாள்.

"மாப்ள ஆசையா அனுப்புன சாமான் வேல செய்யலன்னு சொல்லிக்கவா போற? நம்ம மானம் என்னாவறது?" என்று மாமா மேஜைக்கடியில் தவழ்ந்தபடி கத்தினார். அவள் காதில் வாங்காமல் மொட்டைமாடிக்குப் போய்விட்டாள். முதல் மணியிலேயே எழிலன் எடுத்தான்.

"நான் காயத்ரி பேசுறேங்க. ஒண்ணு கேக்கணும். என் பி.எச்.டி. முடிய இன்னும் ஒரு வருஷம் இருக்கு. முடிச்சிட்டு வரட்டுமா?"

"ஏன் செல்லுல பேசுற? டிவைஸ் என்னாச்சு?"

"அது கெடக்குங்க. நான் கேட்டது..."

"லைட் எரியுதா? பச்சையா, நீலமா?"

"எரியல. என் படிப்பு..."

"படிப்பப் பத்தி நான் முடிவு பண்ணி வெச்சிருக்கேன், நீ மண்டைய ஒடைச்சிக்காத. எல்லாம் நான் பாத்துக்குறேன். மொதல்ல கீழ போயி அதக் கழட்டி, பத்து எண்ணிட்டு மாட்டு."

காயத்ரி பத்து எண்ணவில்லை. போனை வைத்துவிட்டுக் கீழே இறங்கி வந்தாள்.

"என்னாடி சொன்னாரு?"

"தட்டு மாத்த வேணாம்மா."

"அடிப்பாவி! ஏன்டி?"

"நம்ம குடும்பத்துக்கு ஒருத்தர் போதும்மா."

ஞானாம்பாள் மேஜைக்கடியில் நீட்டிக்கொண்டிருந்த இரண்டு கால்களைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். டெலிபோனை டப்பாவிலிருந்து பிடுங்கிப் பழையபடி சுவர் லைனில் மாட்டி, மாப்பிள்ளை வீட்டு நம்பரை அழுத்தினாள். விஷயம் காதில் விழுந்ததும் மாமா தலையில் இடித்துக்கொண்டு வெளியே வந்து, ரிசீவருக்குக் கையை நீட்டினார்.

"தள்ளு, நான் பேசுறேன்!"

"நீ சும்மா இருண்ணே" என்றாள் ஞானாம்பாள். பிறந்ததிலிருந்து அண்ணன் சொல்லுக்கு நகர்ந்தவள், அன்றைக்கு நகரவில்லை.

சரி, நிச்சயம்தான் நின்றுபோயிற்று. உங்களிடம் ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். நடுவில் எங்கேயாவது, "அட, பின்பக்கத்து ஓட்டையில் செருகியிருந்தால் சுலபமாகப் பேசியிருக்கலாமே, நான் இருந்திருந்தால்..." என்று உங்கள் கை பரபரத்ததா? அப்படியானால் உங்கள் வீட்டிலும் ஒருவர் இருக்கிறார். யாரென்று வீட்டில் இருப்பவர்களைக் கேளுங்கள். அவர்கள் பதில் சொல்லி முடிக்கும்வரை தயவுசெய்து குறுக்கே பேசாதீர்கள்.