பதினேழு நிமிட வசவும் ஆறு மாதப் பயிற்சியும்

என் உடன்பிறந்தவளும், என் காதைத் திருகும் உரிமையை இன்றுவரை யாருக்கும் விட்டுக்கொடுக்காதவளுமான அக்காவுக்கு, தம்பி எழுதிக்கொண்டது. இங்கே நான், என் முழங்கால் வலி, என் நாக்கு ஆகிய மூவரும் சௌக்கியம். அங்கே நீயும், செய்தித்தாளுக்குப் பின்னால் குடியிருக்கும் அத்தானும் அவ்வாறே இருக்க வேண்டுகிறேன்.

என் வீட்டில் தங்கிக் கம்ப்யூட்டர் படிக்கும் உன் மகள், நேற்று போனில் என்மேல் ஒரு குற்றப்பத்திரிகை வாசித்திருப்பாள். என் தரப்பையும் கேள். இந்த மாதம் முப்பதாம் தேதிக்குள் ஏதாவது ஒரு அலுவலகம் அவளை ஆறு மாதப் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டதாகக் கடிதம் தராவிட்டால் அவளுக்கு ஒரு வருடம் போய்விடும். இன்று இருபத்துநாலு. இதுவரை அவள் அனுப்பிய விண்ணப்பங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் நிலாவில் இறங்கி முகம் கழுவிவிட்டு வரலாம். பதில் போட்ட புண்ணியவான்கள் நாலு பேர். நாலு பேரும் கேட்டது, முன் அனுபவம் உண்டா என்று. அனுபவம் வேண்டித்தானே பிள்ளை பயிற்சிக்கே வருகிறாள்? பிறக்கப்போகிற பிள்ளைக்கு மீசை இருக்கிறதா என்று விசாரிக்கிற கூட்டம் இது. கல்லூரியில் இதற்கென்றே ஒரு அதிகாரியை உட்கார்த்தி வைத்திருக்கிறார்கள். அவருடைய உத்தியோகம், போகிற பிள்ளைகளிடம் எல்லாம் "முயற்சி பண்ணுங்க" என்று சொல்வது. அதற்கு ஒரு கிளியை வாங்கி வைத்திருந்தால் பார்க்கவாவது அழகாக இருந்திருக்கும்.

சரி, நேரில் போய்ப் பார்ப்போம் என்று நானே அவளை ஒரு அலுவலகத்துக்கு அழைத்துப் போனேன். தையல் கடைக்கும் பல் டாக்டருக்கும் நடுவில் ஒரு மாடிப்படி, மேலே ஒரே அறை, ஆறு கம்ப்யூட்டர், வாயைப் பிளந்துகொண்டு ஒரு பிரிண்டர். முதலாளி தன் சொந்த அறைக்குள்ளேயே தன் பெயர் எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டியிருந்தார், மறந்துவிடும் போலிருக்கிறது. என்ன வேலை தருவீர்கள் என்று இவள் பணிவாகக் கேட்டாள். அந்த அட்டைக்காரர், "முதல் மூணு மாசம் எல்லாரும் பண்றதைப் பாரும்மா. அடுத்த மூணு மாசம் அந்த பிரிண்டரைப் பாரு" என்றார். அந்த பிரிண்டர் இவளைத் திரும்பிப் பார்க்குமா என்று நான் மரியாதையாகத்தான் கேட்டேன். படியில் இறங்கும்போது உன் மகள் சொன்னாள்: "நீங்க வாயைத் திறக்காம இருந்திருந்தா நான் பிரிண்டரோடயாவது பொழச்சிருப்பேன், மாமா." நன்றி கெட்ட உலகம்.

இனி முக்கியக் குற்றச்சாட்டுக்கு வருகிறேன். உன் மகளுக்கு போனை எடுக்கிற பழக்கம் கிடையாது. மணி அடித்தால் பாம்பைப் பார்ப்பதுபோலப் பார்ப்பாள், அடங்கின பிறகு "யாருன்னு தெரியல" என்பாள். நாளைக்கு ஒரு கம்பெனிக்காரன் கூப்பிட்டால் என்ன கதி என்று, அவள் குளிக்கப் போன சமயம் அவள் பயோடேட்டாவில் அவள் நம்பரை எடுத்துவிட்டு என் நம்பரைப் போட்டேன். இது குற்றமா, தாய்மாமன் கடமையா? ஆனால் பாரு, தெரியாத நம்பரிலிருந்து என்னைக் கூப்பிடுகிறவன் ஒன்று மனை விற்பவன், இல்லை காப்பீடு விற்பவன், மூன்றாவது வகை மனிதனைக் கடவுள் இன்னும் படைக்கவில்லை என்பது என் இருபது வருட ஆராய்ச்சி. முதலில் கூப்பிட்டவன், உங்களுக்கு ஒரு நல்ல வாய்ப்பு இருக்கு என்று ஆரம்பித்தான். மனைக்காரனும் அப்படித்தானே ஆரம்பிப்பான்? நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேட்டேன், வைத்துவிட்டான். இரண்டாமவன் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் அவனுக்கும் கிடைத்தது. மூன்றாவது ஒரு பெண். அடடா, என்ன பொறுமை! நான் என்ன திட்டினாலும் "மன்னிக்கவும், உங்கள் பதில் புரியவில்லை, மீண்டும் சொல்லுங்கள்" என்கிறாள். புரியவில்லை என்றால் விட்டுவிட முடியுமா? உதாரணங்களோடு, ஏற்ற இறக்கத்தோடு, பதினேழு நிமிடம் விளக்கினேன். கடைசியில் எனக்கே மனசு கேட்காமல், உங்க அம்மா உன்னை நல்லா வளர்த்திருக்காங்க என்றேன். அதோடு பேச்சு மூச்சில்லை. அழுதிருப்பாள், பாவம்.

நேற்று உன் மகள் பயோடேட்டாவில் என் நம்பரைக் கண்டுபிடித்து, என் போனை வாங்கி அந்த மூன்று நம்பரும் எந்தெந்த அலுவலகம் என்று பார்த்தாள். கத்துவாள் என்று தயாராக இருந்தேன், கத்தவில்லை. "ஒரு வருஷம் போச்சு, மாமா" என்று மட்டும் சொல்லிவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். எனக்கு நேற்றிலிருந்து சோறு இறங்கவில்லை. இதை அத்தானிடம் சொல்லாதே. காலையில் அந்த மூன்றாவது அலுவலகத்துக்கு, என் சார்பில் மன்னிப்புக் கேட்கத் தனியாகக் கிளம்பிப் போயிருக்கிறாள். நான் வரவே கூடாதாம்.

ஆகவே அக்கா, என் முடிந்த முடிவு: இந்தத் துறையே ஒரு பொம்மலாட்டம், இதில் ஒருவனுக்கும் மனுஷனைத் தெரியாது. பிள்ளையை அழைத்துக்கொண்டு போய், கண்ணால் பார்க்கிற மாதிரி ஏதாவது ஒரு தொழிலில் சேர்த்துவிடு.

உனக்கு என் வணக்கங்கள், அத்தானுக்குப் பாதி.

இப்படிக்கு,
குற்றமற்ற உன் தம்பி

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் உன் மகள் வந்துவிட்டாள், கையில் பயிற்சிக் கடிதத்தோடு. அந்தப் பொறுமைசாலிப் பெண் ஒரு மெஷினாம். விண்ணப்பித்தவர்களைத் தானே கூப்பிட்டுக் கேள்வி கேட்க அவர்களே செய்து வைத்தது, பதினேழாவது நிமிடத்தில் படுத்துவிட்டதாம். ஏன் என்று ரெண்டு நாளாக அங்கே எல்லாரும் மண்டையைப் பிய்த்துக்கொண்டிருக்க, மன்னிப்புக் கேட்கப் போனவள் உட்கார்ந்து மதியத்துக்குள் கண்டுபிடித்துவிட்டாள்: புரியாத பதிலை எத்தனை தடவைக்குப் பிறகு விட்டுவிட வேண்டும் என்று அதற்கு யாருமே சொல்லிக்கொடுக்கவில்லையாம். அங்கேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். ஒரே நிபந்தனை, வாரம் ஒரு நாள் அவள் மாமாவை அழைத்துவந்து அதைத் திட்ட வைக்க வேண்டும். எனக்கும் ஒரு படிவம் கொடுத்தனுப்பியிருக்கிறார்கள். முன் அனுபவம் உண்டா என்று கேட்டிருந்தது, நாற்பது வருடம் என்று எழுதினேன். மேற்பார்வையாளர் என்ற இடத்தில் உன் மகள் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். கம்ப்யூட்டர் துறையைப் பற்றி மேலே எழுதியதையெல்லாம் தயவுசெய்து அடித்துவிட்டுப் படி. எனக்குத் திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஆபீஸ்.