சலூன் வாசலில் நிற்கிற வண்டி

இன்றைக்கும் வண்டி வீட்டு வாசலில் நிற்கவில்லை. ஸ்டோர் கீப்பர் பிரேக்கை மிதித்தார், மிதித்துக்கொண்டே இருந்தார். வீடு தன்பாட்டுக்குப் பின்னால் போய்விட்டது. இரண்டு காலையும் தரையில் தேய்த்து, செருப்பில் பாதியைக் கரைத்து, வழக்கம்போல சலூன் வாசலில்தான் நின்றார்.

சலூன்காரர் வெளியே வந்து அவர் தலையைப் பார்த்தார்.

"சார், போன வாரம்தானே வெட்டினோம்? கொஞ்சம் வளர விடுங்க சார். எனக்கும் வெட்ட ஏதாவது வேணும்ல?"

பிரேக் பிடிக்கவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, இப்படியே பல தடவை முடிவெட்டியாகிவிட்டது. "ஷேவிங்தான்" என்று உள்ளே போய் உட்கார்ந்தார். காலையில்தான் ஷேவ் செய்திருந்தார்.

ஸ்டோர் கீப்பர் என்பது பழைய உத்தியோகம். நூல் மில்லில் அவருடைய ஜன்னல் முன்னால் நாள் முழுக்க ஆட்கள் நிற்பார்கள். போல்ட் கேட்டு ஒருவன், பெல்ட் கேட்டு இன்னொருவன். "மனுஷனைக் கொஞ்சம் நிம்மதியா விடுங்களேன்டா!" என்று தினமும் கத்துவார். ரிட்டயர் ஆனதும் விட்டுவிட்டார்கள்.

மனைவி போய்ச் சேர்ந்தபிறகு இந்தச் சின்ன பிளாட்டுக்குக் குடிவந்தார். வந்த அன்றைக்கே கடைக்குப் போய், கடைக்காரர் அடித்துக் காட்டிய சத்தங்களையெல்லாம் கேட்டு, குருவிபோலக் கத்துகிற, வயர் இல்லாத காலிங் பெல் ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் தன் கையாலேயே மாட்டினார். வருகிறவர்களுக்கென்று ஆறு கப்பும் வாங்கினார். ஒன்றரை வருஷம் ஆகிறது. ஒரு குருவியும் கத்தவில்லை. ஐந்து கப்பில் கடை ஸ்டிக்கர் ஒட்டினபடியே இருக்கிறது.

கூரியர்காரன்கூடக் கீழே நின்றுதான் போன் பண்ணுவான். மகள் வருகிற அன்றைக்கு இவர் காலையிலிருந்தே பால்கனியில் நின்று, அவள் மாடிப்படி ஏறுவதற்குள் கதவைத் திறந்துவிடுவார். மற்றபடி அந்தக் கதவுக்கு வேலையே கிடையாது.

ஆகவே இருக்கிற ஒரே துணை அந்தப் பழைய வண்டி. அதை உதைத்துக் கிளப்பி, ஒரு தக்காளி வாங்க மார்க்கெட்டுக்குப் போவார். "ஒண்ணே ஒண்ணா?" என்று கடைக்காரி கேட்பாள். அன்றைக்கு ஒரு மனுஷி தன்னோடு பேசிவிட்டாள் என்ற திருப்தியோடு திரும்புவார். மறுநாள் ஒரு வெங்காயம்.

மகள் அன்று சாயங்காலம் போன் பண்ணினாள்.

"அப்பா, ஞாயித்துக்கிழமை வர்றேன். போன தடவையே உங்க செருப்பு தேஞ்சிருந்ததைப் பாத்தேன். உங்க பின்னாடி உக்காந்து ஒரு ரவுண்டு வருவேன். பிரேக் பிடிக்கலேன்னா அன்னைக்கே வண்டியை வித்துடலாம்."

"வித்துட்டு?"

"வித்துட்டு வீட்டுலயே இருங்க. வேணுங்கறதெல்லாம் போன்லயே வாங்கிக்கலாம். எதுக்கு அலையணும்?"

வீட்டிலேயே இரு என்றால், யாரோடு இருப்பதாம்?

மறுநாள் காலையிலேயே மெக்கானிக்கிடம் போய் நின்றார். அந்த ஊரில் இவரை உட்காரச் சொல்கிற ஒரே ஆள் மெக்கானிக்தான். அதுவும் ஒரு பழைய டயர்மேல்.

"ஒண்ணுமில்ல சார், நட்டு லூஸ்" என்று பின்சக்கரத்துப் பக்கம் இருந்த நட்டை நாலு சுற்று முறுக்கினான். வண்டி அன்றைக்கு ராணுவக்காரன்போல வீட்டு வாசலில் நின்றது. கீழே ஷெட்டில், சுவரோரம் எதிர்வீட்டு நர்ஸின் ஸ்கூட்டர். அதற்குக் குறுக்கே இருந்த கொஞ்சநஞ்ச இடத்தில் தன் வண்டியை நிறுத்திவிட்டு, விசிலடித்துக்கொண்டே மேலே போனார்.

அடுத்த நாள் வண்டி சலூனில் நின்றது.

மெக்கானிக் பிரேக் ஷூவையே மாற்றினான். இன்னும் கொஞ்சம் இறுக்கினான். அடுத்த நாள் வண்டி சலூனையும் தாண்டி, மருந்துக்கடை வாசலில் நின்றது. அங்கே தேவையே இல்லாமல் ஒரு இருமல் மருந்து வாங்கவேண்டியதாயிற்று.

"நானே பாத்துக்கறேன்" என்று ஸ்பேனரும் கையுமாக ஸ்டோர் கீப்பரே இறங்கினார். பின்சக்கரம் முனகுகிற அளவுக்கு முறுக்கினார். அதற்கடுத்த நாள் பிரேக் என்று ஒன்று இருப்பதாகவே தெரியவில்லை. தெருக்கோடியில் கொட்டியிருந்த மணல் குவியல்தான் அவரைத் தாங்கிப் பிடித்தது.

சட்டையெல்லாம் மணலோடு மெக்கானிக்கிடம் போனார்.

"டேய், வேணும்னேதான் பண்றியா? நான் திரும்பத் திரும்ப வரணும்னு?"

மெக்கானிக் கையிலிருந்த துணியைக் கீழே போட்டான். "நீங்க வரணும்னு எனக்கு என்ன சார் வேண்டுதலா? பக்கத்துல உக்காந்து மில்லு கதையா சொல்லித் தள்ளுவீங்க. வேலை ஓடாது. ஆனாலும் போகட்டும், பாவம், பேச ஆளில்லாத மனுஷன்னு டயரைத் தொடைச்சுப் போட்டேன் பாருங்க, என்னைச் சொல்லணும்!"

"யாருடா பாவம்? இனிமே உன் கடை வாசலை மிதிச்சா கேளு!"

வீறாப்பாகத்தான் வந்தார். ஆனால் வீட்டுக்கு வந்து டீ போடும்போதுதான் உறைத்தது. இருந்த ஒரு டயரும் போய்விட்டது. டீயை ஸ்டிக்கர் இல்லாத கப்பில் ஊற்றிக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி குடித்தார். அழுகை வந்தது. அழுதார். யார் பார்க்கப்போகிறார்கள்?

சனிக்கிழமை சாயங்காலம், மிச்சமிருந்த பலத்தையெல்லாம் கூட்டி நட்டை முறுக்கினார். சக்கரம் அசையவே மறுத்தது. "இப்ப எங்கே போவே?" என்று வண்டியிடம் கேட்டுவிட்டுப் படுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாமலும் மனசு கேட்காமல் ஷெட்டுக்கு இறங்கினார். வண்டிக்குப் பின்னால் யாரோ குந்தியிருந்தார்கள். வெள்ளை யூனிஃபார்ம். கையில் ஸ்பேனர்.

"பிடிச்சேன்! கையும் களவுமா பிடிச்சேன்!"

எதிர்வீட்டு நர்ஸ் தூக்கிவாரிப் போட எழுந்தாள். "ஐயோ, கத்தாதீங்க அங்கிள்! எனக்கு டூட்டிக்கு நேரமாச்சு. உங்க வண்டியை நகர்த்தினாத்தானே என் ஸ்கூட்டர் வெளியே வரும்? முன்னெல்லாம் தள்ளினா சுலபமா போகும். இப்ப சக்கரமே சுத்த மாட்டேங்குது. இந்த நட்டைத் திருப்பினா சுத்துது. நகர்த்திட்டு, மறுபடி அதே இடத்துல நிறுத்திட்டுத்தானே போறேன்?"

"அது பிரேக்கும்மா!"

"பிரேக்கா?" ஸ்பேனர் கீழே விழுந்தது. "அடக் கடவுளே! எனக்கு எப்படித் தெரியும்?"

"என்னைக் கொல்லப் பார்த்தியே! எதிர்வீடுதானே? வந்து ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? ஒரே ஒரு தடவை பெல் அடிக்கக்கூடாதா?"

"அடிக்கலையா?" இப்போது நர்ஸுக்குக் கோபம் வந்தது. "தினமும் அடிச்சுட்டுத்தான் இறங்கறேன்! விடிகாலையில கதவை உடைக்கவா முடியும்? எம்பொண்ணு பிறந்தநாளுக்குக் கேக்கோட வந்து அடிச்சேன். கேரம் ஆட ஒரு ஆள் குறையுதுன்னு மேல்வீட்டுக்காரர் வந்து அடிச்சுட்டு நின்னார். நீங்க திறந்தாத்தானே? மனுஷங்களைக் கண்டாலே உங்களுக்கு ஆகாதுன்னு எல்லாரும் விட்டுட்டோம்."

"பொய்!" ஸ்டோர் கீப்பரின் குரல் உடைந்தது. "நான் எங்கேம்மா போனேன்? உள்ளேதானே இருந்தேன். எப்பவும் உள்ளேதானே இருந்தேன். குருவி கத்தியிருந்தா எனக்குக் கேட்டிருக்காதா?"

"எந்தக் குருவி?" நர்ஸ் அவரை ஒருமாதிரி பார்த்தாள். "வாங்க, உங்க எதிர்லயே அடிச்சுக் காட்டறேன்."

இரண்டு பேரும் மாடியேறினார்கள். கதவு வாசலில் மெக்கானிக் நின்றுகொண்டிருந்தான். தலை கலைந்து, தூக்கத்திலிருந்து நேராக வந்தவன்போல இருந்தான்.

"பொண்ணு இன்னைக்கு வருதுன்னு சொன்னீங்களே சார், மனசு கேக்கலை. நேத்தும் வந்து பெல் அடிச்சுப் பாத்தேன். என்மேல இருக்கற கோபத்துல திறக்கலேன்னு போயிட்டேன். இன்னைக்கு விடறதில்லைன்னு இதைக் கழட்டியே பாத்துட்டேன்."

அவனுடைய ஒரு கையில் ஸ்க்ரூ டிரைவர். மற்றொரு கையில் காலிங் பெல்லின் பட்டன், வயிறு திறந்தபடி. அதற்குள்ளிருந்து நகத்தளவு பிளாஸ்டிக் தாள் ஒன்றை உருவி அவர்முன் நீட்டிவிட்டு, பட்டனை அழுத்தினான். உள்ளே, மூடிய கதவுக்குப் பின்னால், ஒரு குருவி கத்தியது.

"வாங்கின அன்னைக்கே பேட்டரியிலிருந்து உருவிப் போடவேண்டியது சார் இது, யார் வந்து உருவட்டும்னு இத்தனை நாளா வெச்சிருந்தீங்க?"