புள்ளி போன பாலம்

ஒரு காட்டில், ஓடைக்கு இக்கரையில், அழகப்பன் என்றொரு பெருச்சாளி இருந்தது. பொறியியல் படித்த பெருச்சாளி. அதன் மனைவி தலைப்பிரசவத்துக்காக அக்கரையில் உள்ள தாய்வளைக்குப் போயிருந்தது. குட்டிகள் பிறந்த செய்தியைக் காகம் கொண்டுவந்தது. எத்தனை என்று கேட்டால், காகத்துக்கு எண்ணத் தெரியவில்லை, நிறைய என்றது. மழை இறங்கி ஓடை பெருகிவிட்டால் தை மாதம்தான் குட்டிகளின் முகம் பார்க்க முடியும்.

அந்த நேரம் பார்த்துத் தலைவராகிய யானை ஓடைக்குப் பாலம் கட்டச் சொன்னது. அழகப்பனுக்குக் கரும்பு தின்னக் கூலி கிடைத்த மாதிரி.

பாலம் வரைய மென்பொருள் வேண்டும். முறையாக வாங்கினால் ஆண்டுதோறும் ஒரு பலாமரத்தின் காய்ப்பு முழுவதையும் கட்ட வேண்டும். ஆலமரத்துக் குரங்கு அதையே பூட்டை உடைத்து, ஒரு வாழைப்பழத்துக்குக் கொடுத்தது. ஏற்றும்போது கணினியின் வாசலில் காவலிருக்கும் கீரியை மட்டும் வெளியே அனுப்பிவிடச் சொன்னது. எதற்கு என்று அழகப்பன் கேட்கவில்லை.

தூக்கணாங்குருவி வந்து சொல்லிப் பார்த்தது. குருவிகள் கூடி ஒரு மென்பொருள் செய்திருக்கின்றனவாம். யாரும் எடுத்துக்கொள்ளலாம். விலையும் இல்லை, திருட்டும் இல்லை.

“சும்மா குடுக்கிறது எப்படிம்மா நல்லாயிருக்கும்?” என்றது அழகப்பன். “திருட்டுச் சரக்குன்னா, திருடத் தகுந்ததுன்னாவது தெரியுது.”

கீரி வெளியே போனது. மென்பொருளோடு ஒட்டிவந்த உண்ணிகள் உள்ளே போயின. அங்கே ரத்தம் இல்லை. அதனால் எழுத்துகளின் புள்ளிகளைத் தின்றன.

படத்தில் ஒவ்வொரு தூணின் கீழும் ‘கல் வை’ என்று எழுதியிருந்தது. புள்ளி போனபின் யார் படித்தாலும் ‘கலவை’ என்றுதான் படிப்பார்கள். கரையான்கள் அப்படியே படித்தன. தூண் வரவேண்டிய இடமெல்லாம் கலவையைக் குழைத்து ஊற்றின. திறப்பு விழாவில் யானை தும்மியது. பாலம் ஓடையோடு போயிற்று.

“மேஸ்திரி, ஒரு கல்லுகூடவா வைக்கல?” என்றது அழகப்பன்.

“படத்துல இல்லாததை வைக்க நாங்க யாருங்க?” என்றது கரையான் மேஸ்திரி. “கலவையில குறையிருந்தாச் சொல்லுங்க.”

மேற்கே கறுத்துவிட்டது. அழகப்பன் வெட்கத்தை விழுங்கிக்கொண்டு குருவியிடம் போனது. குருவி குத்திக்காட்டாமல் கொடுத்தது. புதுப் படத்தில் புள்ளிகள் இருந்த இடத்தில் இருந்தன. கரையான்கள் கல் வைத்தன. பாலம் நின்றது.

தலைவர் நடக்காமல் யாரும் நடக்கக் கூடாது என்பது காட்டு வழக்கம். இலவச மென்பொருளில் வரைந்தது என்று கேள்விப்பட்ட யானை, தூக்கிய காலைக் கீழே வைக்கவில்லை.

“தானம் வந்த மாட்டைப் பல்லைப் புடிச்சுப் பாக்கக் கூடாதுதான். ஆனா மாட்டு மேல நான் ஏறி நிக்கப் போறதில்லையே.”

முதல் தூறல் விழுந்தது. அக்கரையிலிருந்து கீச்சுக் குரல்கள் கேட்டன. அழகப்பன் தந்தத்தில் தொற்றி ஏறி, யானையின் காதில் சொன்னது:

“தலைவரே, வெளியே விட்டுடாதீங்க. இதுவும் திருடினதுதான். போனதைவிட ஒசத்தி.”

யானையின் முகம் மலர்ந்தது. “திருடினதா? அதை முதல்லயே சொல்றதுக்கென்ன?” என்று பாலத்தில் ஏறியது. யானையின் ரகசியம் காடு முழுக்கக் கேட்கும். எல்லா மிருகங்களும் முண்டியடித்துப் பின்னால் ஓடின. அழகப்பன் கடைசியாகப் போய்ச் சேர்ந்து, குட்டிகளைத் தானே எண்ணிப் பார்த்தது. பதினொன்று.

மறுநாள் குருவிக் கூட்டின் முன்னால் திருடுவதற்கு நீண்ட வரிசை நின்றது. குருவி வேறு பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டது.

நீதி: நல்ல பொருளை நீட்டிக் கொடுக்காதே, கதவைத் திறந்து வைத்துவிட்டு, தூங்குவது போல நடி.