நாற்பது கேள்விகளுக்கு ஒரு தகப்பனின் பதில்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நாங்கள் மூவரும் நலம். உன் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை நீ இங்கே வந்து என் வீட்டுக்காரியிடம் பேச வேண்டும். நீ சொன்னால் கேட்பாள்.

விஷயம் நம் வாண்டுவைப் பற்றியது. எட்டு வயசாகிறது. வகுப்பில் மணி அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் போய்விடுகிறாள், ஒரு வரி எழுத ஒரு பீரியட் ஆகிறது என்று டீச்சர் எழுதி அனுப்பினார். குழந்தைகள் டாக்டரிடம் போனோம். அந்த அம்மா எங்களுக்கு ஆளுக்கொரு படிவம் கொடுத்தார். நாற்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 'இல்லை', 'சில நேரம்', 'எப்போதும்' என்று மூன்று கட்டங்கள். டிக் போட்டால் போதுமாம். இருபத்திரண்டு வருஷம் நிருபராக இருப்பவனுக்கு அது எப்படிப் போதும்? 'சொன்னதைக் கேட்பதில்லை' என்பதற்கு, எதைச் சொன்னோம் என்பதைப் பொறுத்தது, வாஷிங் மெஷினைத் தொடாதே என்றோம், தொட்டாள், அன்று முதல் அது சத்தமில்லாமல் ஓடுகிறது என்று ஓரத்தில் எழுதினேன். இடம் போதாமல் இரண்டு தாள் சேர்த்துப் பின் அடித்தேன். கட்டங்களில் எல்லாம் 'இல்லை'. என் மனைவி பத்தே நிமிஷத்தில் முடித்தாள். அவளுடையதில் பாதிக்கு மேல் 'எப்போதும்'.

டாக்டர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"சார், உங்களுக்கு ஒரு குழந்தைதானே?"

"ஒண்ணுதான்."

"இதைப் பார்த்தா ரெண்டு பேர் இருக்குற மாதிரி இருக்கு."

"இவர் வீட்டுக்கு வரும்போது அவ தூங்கியிருப்பா, டாக்டர்," என்றாள் என் மனைவி. "இவருக்குத் தெரிஞ்சது ஞாயித்துக்கிழமைக் குழந்தை."

"ஓரத்துல எழுதினதை அடிச்சிடாதீங்க, அதுவும் எனக்கு வேணும். கட்டத்தை மட்டும் இன்னொரு தடவை பாருங்க," என்று என் படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். மாதக் கடைசிக்குள் கொடுத்தால்தான் இந்த வருஷம் பள்ளியில் அவள் பக்கத்தில் உட்கார ஓர் உதவி டீச்சர் கிடைப்பார். நான் மாற்றப்போவதில்லை, அக்கா. அதை நீதான் என் வீட்டுக்காரிக்குப் புரியவைக்க வேண்டும். ஒரு பெயரை ஒட்டிவிட்டால் பிறகு எல்லாரும் அந்தப் பெயரைத்தான் பார்ப்பார்கள். தலைப்பை மட்டும் படித்துவிட்டு நகர்கிறவர்களை எனக்கு நன்றாகத் தெரியும். நம் குடும்பத்தில் யாருக்கும் இப்படி எதுவும் இருந்ததில்லை. அது உனக்கே தெரியும்.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும்.

உன் தம்பி

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது வாண்டு வந்து இது என்ன என்று கேட்டாள். இரண்டு படிவங்களைப் பற்றியும் சொன்னேன். "அம்மா எழுதினது நான் ஸ்கூல் விட்டு வர்றப்போ. நீங்க எழுதினது லீவு நாள்ல. ரெண்டும் நான்தாம்பா," என்றாள். பிறகு, "என்கிட்ட ஏன் யாரும் கேக்கல?" மறுதரப்பைக் கேட்காமல் ஒரு செய்திகூட அனுப்பாதவன் நான். கேட்டேன். "மணி அடிச்சா தலைக்குள்ள வலிக்குது. பக்கத்துல யாராவது இருந்தா எழுதிடுவேன்."

கட்டங்களைத் திருத்திக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஓரத்தில் எழுதிய வாஷிங் மெஷின் அப்படியே இருக்கிறது. நீ ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம். கடைசிப் பக்கத்தில் தகப்பனின் சின்ன வயது பற்றி ஐந்து கேள்விகள் தனியாக இருக்கின்றன. அதை இத்துடன் வைத்திருக்கிறேன். நம் அம்மா இல்லாத நிலையில் பார்த்த சாட்சி நீ ஒருத்திதான். எந்த வகுப்புவரை எனக்கு ஷூ லேஸ் கட்டிவிட்டாய், மணி அடித்தால் என்னை எங்கே போய்த் தேடினாய் என்பதெல்லாம் உனக்கு நினைவிருக்கும். ஓரத்தில் எதுவும் எழுதாதே. கட்டத்தில் டிக் போட்டு அனுப்பு.