சட்டி மூடியைத் திறக்கும் முன்

அன்பும் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பயமும் கொண்ட அக்கா பேச்சியம்மாள் அவர்களுக்கு,

தம்பி தங்கராஜு ரெங்கத்திலிருந்து கும்பிட்டு எழுதுவது. இங்கு நான் சௌக்கியம். கோத்தா திங்கியில் நீங்களும் அத்தானும் அத்தானின் முழங்காலும் சௌக்கியமாக இருக்க முருகனை வேண்டிக்கொள்கிறேன். எங்கே உட்கார்ந்துகொண்டு யாரை வேண்டுகிறான் பார் என்று நினைக்காதீர்கள். கோபப்படாமல் கடைசிவரை படிக்கவும்.

"உன் மகன் மதிவாணனைக் கையோடு கூட்டிக்கிட்டு வா, இல்லாட்டி என் வீட்டு வாசப்படிய மிதிக்காத. நாளைக்கு அவங்கம்மா வாசுகி படத்துக்குப் படையல் போட ஒரு பிள்ள இல்லாமப் போயிடும்" என்று நீங்கள் போனில் சத்தம் போட்ட மறுநாளே தம்போய் வீட்டிலிருந்து காரை எடுத்துவிட்டேன். தினம் சிங்கப்பூருக்குப் போய்வந்து கைநிறையச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த பிள்ளை, வேலையை விட்டுவிட்டு, செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே கிறிஸ்தவர்கள் சிலர் ஒன்றாகக் கூடி வாழும் இடத்தில் ஒரு வருஷம் தங்கி வேதம் படிக்கப் போகிறேன் என்று உங்களிடம் சொல்லி, நீங்கள் என்னிடம் சொல்லி, நான் முடியாது என்று உங்களிடம் சொல்லி, நீங்கள் அதை அவனிடம் சொல்வதற்குள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டானே, அந்த வயிற்றெரிச்சலில் வழியெல்லாம் வசனம் பேசிப் பார்த்துக்கொண்டே வந்தேன். பிள்ளையைக் கொடுங்கள், இல்லாவிட்டால் நடப்பதே வேறு என்று முடியும் வசனம் அது.

வாசலிலேயே வசனம் மறந்துபோனது. ரூபேந்திரன் என்று ஒருவர் சாக்கடை கழுவிக்கொண்டிருந்தார். முன்னாள் லாரி டிரைவராம். கை முழுக்கப் பச்சை குத்தி, தோள்பட்டை கதவு அகலத்துக்கு இருந்தது. "உங்க கைப்போன இந்த மைலோ டின்னுல போட்டுடுங்கண்ணே, கிளம்பறப்ப எடுத்துக்கலாம்" என்றார். நான் மறுபேச்சுப் பேசாமல் போட்டுவிட்டேன். அதனால்தான் அக்கா, இந்தக் காலத்திலும் உங்களுக்குக் கடிதம் வருகிறது.

உள்ளே போனால் மதி குந்தவைத்து உட்கார்ந்து பெரிய குவாலிச் சட்டியின் அடிக்கரியைத் தேய்த்துக்கொண்டிருந்தான். நம் மதி! குடித்த தம்ளரைக் குடித்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போகிறவன்! அலமாக், இதென்ன கூத்து என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். "வாங்கப்பா" என்று சிரித்துவிட்டு மறுபடியும் தேய்க்க ஆரம்பித்துவிட்டான். என் நெற்றி நிறைய விபூதி. இந்த இடத்தை நடத்துகிற விஜயனின் மனைவி யோகேஸ்வரி என்னைப் பார்த்துக்கொண்டே வந்தார். அழிக்கச் சொன்னால் என்ன பதில் சொல்லலாம் என்று நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். "பசியாறிட்டீங்களாண்ணே? இன்னிக்கு வெள்ளிக்கிழம, நீங்க சைவமா இருப்பீங்க, உங்களுக்குத் தனியா பருப்பு வச்சிடறேன்" என்றார். நிமிர்த்திய நெஞ்சை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அக்கா, இனிமேல்தான் விஷயம். சாயங்காலம் நீள மேசையில் எல்லாரும் உட்கார்ந்தோம். பேங்கில் வேலை பார்த்த அம்மா, யுனிவர்சிட்டிப் பெண், ரூபேந்திரன் எல்லாம் ஒரே வரிசை. மீன் கறி வாசம் ஆளைத் தூக்குகிறது, என் பருப்பும் தன் பங்குக்கு மணக்கிறது. ஆனால் சட்டி எல்லாம் மூடியே இருக்கிறது, யாரும் கை வைக்கவில்லை. ஜெபம் சொல்வார்கள், சரி, நாமும் கண்ணை மூடிக்கொள்வோம் என்று மூடினேன். விஜயன் என் தோளைத் தொட்டு, "அண்ணே, வெள்ளிக்கிழம இங்க ஒரு பழக்கம். யாருக்காச்சும் யாரு மேலயாச்சும் மனத்தாங்கல் இருந்தா மூடியத் திறக்கிறதுக்கு முன்னாடி மூஞ்சிக்கு நேரா சொல்லிடணும். மனசுல வச்சிக்கிட்டு ஒண்ணா உக்காந்து சாப்பிடக்கூடாது" என்றார். நம் குடும்பத்தில் இப்படி ஒரு பழக்கம் இருந்திருந்தால் நம் வம்சமே பட்டினியில் அழிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

முதலில் யுனிவர்சிட்டிப் பெண் எழுந்தது. "ரூபேன் அண்ணே, காலையில நீங்க பாடற பாட்டுல எனக்குப் படிச்ச வசனமெல்லாம் மறந்துபோவுது" என்றது. அடிதடி நடக்கும் என்று நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். அந்த மலை போன்ற மனிதர் வெட்கப்பட்டு, "மன்னிச்சிடும்மா, மெதுவா பாடறேன் லா" என்றார். பிறகு அவரே விஜயனைப் பார்த்து, "நேத்து எல்லார் முன்னாடியும் என்னை ஏசிட்டீங்க. எனக்கு வலிச்சிச்சி" என்றார். விஜயன் எழுந்து நின்று, "தப்பு என் மேலதான், மன்னிச்சிடு ரூபேன்" என்றார். அக்கா, நான் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்து ரிட்டையர் ஆனவன். ஒரு மேலாளர் ஒரு டிரைவரிடம் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டதை என் ஆயுளில் இப்போதுதான் பார்க்கிறேன். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. இவர்கள் மனிதர்கள்தானா என்று இருந்தது.

அப்போது மதி எழுந்தான். "எனக்கு எங்கப்பா மேல மனத்தாங்கல் இருக்கு."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "அம்மா போனதுலேர்ந்து நீங்க எங்கிட்ட நேரா ஒரு வார்த்த பேசலப்பா. எனக்குக் காய்ச்சல்னாக்கூட அத்தைக்குப் போன் அடிச்சி, அவனுக்கு எப்படி இருக்குன்னு கேட்டுச் சொல்லுங்கன்னீங்க. நான் பக்கத்து ரூம்லதான்பா படுத்திருந்தேன். நான் இங்க வரதப் பத்தியும் உங்ககிட்ட நேரா சொல்ல எனக்குப் பயமா இருந்திச்சி." சொல்லிவிட்டு நின்றுகொண்டே இருந்தான்.

பழக்கதோஷத்தில் நான் உங்களைத்தான் தேடினேன் அக்கா. நீங்கள் இருந்திருந்தால் எனக்காக ஏதாவது சொல்லியிருப்பீர்கள். இவர்களோ அவசரமே படவில்லை. கறி ஆறுகிறது, அவர்கள் பாட்டுக்குப் பொறுமையாகக் காத்திருக்கிறார்கள். இத்தனை பேரைப் பட்டினி போட்ட பாவம் வேண்டாம் என்றுதான் வாயைத் திறந்தேன். ஆனால் நான் சொல்ல நினைத்தது வேறு, வந்தது வேறு. "உங்கம்மா மூஞ்சிதான்டா உனக்கு. உன்னப் பார்த்துப் பேசினா அழுதுடுவேன்னு பயம். நீ போனதுலேர்ந்து அந்த வீட்டுல எனக்கு இருக்கப் பிடிக்கலடா" என்று வந்துவிட்டது. சொன்னபடியே அழுதும் விட்டேன். மதி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். யோகேஸ்வரி மூடியைத் திறந்தார். மதியே எனக்குச் சோறு போட்டு, பருப்பு ஊற்றினான். நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டு எத்தனையோ காலம் ஆகிறது.

அதன்பிறகு நான் கிளம்பவில்லை. விடியலில் அவர்கள் பாடுவதைக் கேட்கிறேன் (ரூபேந்திரன் மெதுவாகத்தான் பாடுகிறார்). வகுப்பில் பின்வரிசையில் உட்காருகிறேன். மதம் மாறிவிடுவாயா என்று மதியைக் கேட்டேன். நேராகவே கேட்டேன். "என் மனசு ஏசுகிட்டதான்பா இருக்கு. உங்க முருகன நீங்க விடணும்னு யாரும் சொல்லல" என்றான். வருத்தமாகத்தான் இருந்தது, இப்போதும் இருக்கிறது. ஆனாலும் என் முகத்தைப் பார்த்துச் சொன்னான் அக்கா. அவன் சொல்லாமலே போயிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்?

அதனால் அவனைக் கூட்டிக்கொண்டு வரப்போவதில்லை. அவன் இந்த வருஷத்தை முடிக்கட்டும். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவே நின்று இத்தனை காலம் நீங்கள் பட்ட பாடு போதும். இன்றோடு உங்களுக்கு அந்த வேலையிலிருந்து மரியாதையாக ஓய்வு கொடுக்கிறேன். இனி எதுவானாலும் அப்பனும் பிள்ளையும் மூஞ்சிக்கு நேராகப் பேசிக்கொள்வோம். நீங்களும் உங்கள் மருமகள் ரூபினியும் ஒரு வெள்ளிக்கிழமை இப்படிச் செய்து பார்க்கலாம். அன்று மட்டும் அத்தானுக்கு முன்கூட்டியே சோறு போட்டுவிடவும்.

அத்தானுக்கு என் வணக்கம், ரூபினிக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் என் ஆசி, உங்களுக்கு இங்கிருந்தே ஒரு கும்பிடு. நேரில் விழ நீங்கள் வாசப்படியை மிதிக்க விட்டால்தானே உண்டு.

உங்கள் தம்பி,
தங்கராஜு

பி.கு.: அக்கா, ஒரு சின்ன உதவி. தீபாவளிக்கு மதி வீட்டுக்கு வருவானா, வந்தாலும் வாசுகி படத்துக்கு முன்னால் படையலுக்கு என்கூட நிற்பானா என்று தெரியவில்லை. கேட்கலாம் என்று போகும்போதெல்லாம் சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பி வந்துவிடுகிறேன். இந்தக் கடிதம் கிடைத்ததும் இங்குள்ள ஆபீஸ் போனுக்கு அடித்து, நீங்களாகக் கேட்பது போல அவனிடம் கேட்டு எனக்குச் சொல்லவும். நான் கேட்கச் சொன்னதாகச் சொல்லிவிடாதீர்கள். எதற்கும் கொஞ்சம் சீக்கிரம் செய்யவும். எனக்கு எதிரில்தான் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறான்.