பொறுப்பு அண்ணாச்சியின் மறியல்

ரசத்தில் உப்பு கூடிப்போனதற்கு விசாரணைக் கமிஷன் வைத்த மனிதர் உலக சரித்திரத்திலேயே ஒருவர்தான் இருக்க முடியும். அந்த ஒருவர் எண்பதுகளின் நடுவில், டெக்சாஸ் மாநிலம் ஹூஸ்டனில், என்னோடு ஒரே அபார்ட்மென்டில் குடியிருந்தார். பெயர் பொறுப்பு அண்ணாச்சி. சொந்த நாடு கென்யா.

கென்யாவில் ஏதய்யா அண்ணாச்சி என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. சொல்கிறேன், அவசரப்படாதீர்கள்.

பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் நாங்கள் மூன்று பேர் வீடு எடுத்திருந்தோம். கும்பகோணத்து நான், பாளையங்கோட்டை சங்கரலிங்கம், திருவல்லிக்கேணி ரெங்கா. மூவரும் மாணவர் விசாவில் வந்தவர்கள். நான்காவது ஆள் தேவை என்று நோட்டீஸ் போர்டில் காகிதம் ஒட்டினோம். ஆறடிக்கு மேலே இன்னும் அரையடி இருக்கும், ஒரு மனிதர் தகரப் பெட்டியோடு வந்து நின்றார். வாசலில் குனிந்து நுழைந்தார். படிப்பது பொது நிர்வாகம் என்றார். அரசாங்கம் எப்படி நடக்கவேண்டும் என்று சொல்லித் தருகிற படிப்பு. அது அப்படி நடக்காத ஊரிலிருந்து அதற்காகவே கிளம்பி வந்திருந்தார்.

வந்த முதல் வாரமே ஒரு புகார். "நீங்கள் எனக்குப் புரியாத பாஷையில் பேசுகிறீர்கள். எங்கள் நாட்டு அரசாங்கமும் இதைத்தான் செய்கிறது. எனக்கு உங்கள் பாஷை தெரிய வேண்டும்" என்றார் ஆங்கிலத்தில். சங்கரலிங்கத்துக்கு ஒரே குஷி. தினமும் பாத்திரம் தேய்க்கும் நேரத்தில் பாடம் நடந்தது. வாத்தியார் பாளையங்கோட்டை என்றால் மாணவர் வேறு எப்படி இருப்பார்? எட்டே மாதத்தில் விக்டோரியா ஏரிக்கரை மனிதர் தாமிரபரணித் தண்ணீர் குடித்தவர்போல "என்னவே, சாப்டாச்சா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். அன்றிலிருந்து அவர் எங்களுக்கு அண்ணாச்சி. 'பொறுப்பு' பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

ஏன் ஒட்டிக்கொண்டது என்றால், எதற்கெடுத்தாலும் அவர் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்றுதான். "இதுக்கு யாருவே பொறுப்பு?"

பல்பு எரியவில்லையா, யாருவே பொறுப்பு? பால் திரிந்துவிட்டதா, யாருவே பொறுப்பு? அபார்ட்மென்ட் மேனேஜர், ஆறடி டெக்சாஸ்காரர், தொப்பியைக் கழற்றாமல் தூங்குகிறவர், அண்ணாச்சியின் தலையைத் தூரத்தில் பார்த்ததுமே கதவில் 'லஞ்ச்' போர்டை மாட்டிவிடுவார். காலை எட்டரைக்கு என்ன லஞ்ச்?

ரச விவகாரத்துக்கு வருகிறேன். ஒருநாள் ரசம் வாயில் வைக்க முடியவில்லை. அண்ணாச்சி கரண்டியைக் கீழே வைத்தார். முதலில் உப்புப் போட்டது யார்? இரண்டாவது போட்டது யார்? இரண்டாவது ஆள் ருசி பார்த்தாரா? பார்க்கவில்லை என்றால் ஏன் பார்க்கவில்லை? ரெங்கா பொறுமை இழந்து, "ஐயோ அண்ணாச்சி, கொஞ்சம் வெந்நீர் ஊத்தினா சரியாயிடும், விடுங்களேன்" என்றான்.

"வெந்நி ஊத்துனா ரசம் சரியாவும்வே. போட்டது யாருன்னு கடைசி வரைக்கும் தெரியாமலே போயிரும்லா?"

நான்தான் இரண்டாவது போட்டவன். ஒப்புக்கொண்டேன். பெரிய தண்டனை வரப்போகிறது என்று தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன். அண்ணாச்சி முகமெல்லாம் பல்லாகச் சிரித்து, "அம்புட்டுதான்வே. 'நான்தான்'னு ஒரு ஆளு சொல்லணும். வேற என்ன வேணும்? வெந்நி ஊத்துங்க, சாப்பிடுவோம்" என்றார்.

வீட்டோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஊர்த் தமிழர்கள் ஒரு பள்ளிக்கூட ஹாலில் வைத்த பொங்கல் விழாவுக்கு அவரைக் கூட்டிப்போனோம். அழைப்பிதழில் மாலை ஐந்து மணி. ஏழேகாலுக்கு மைக் வந்தது. விழாத் தலைவர் ஒரு டாக்டர் அங்கிள், பட்டு வேஷ்டியில் வந்து "எல்லாருக்கும் வணக்கம்" என்றதுதான் தாமதம், பின்வரிசையில் அண்ணாச்சி எழுந்துவிட்டார். எழுந்தால் மறைக்க முடிகிற ஆளா அவர்?

"அஞ்சு மணின்னு போட்டியளே, இதுக்கு யாரு பொறுப்பு?"

ஹாலே திரும்பிப் பார்த்தது. கென்யாக்காரர் கேட்டதைவிட, நெல்லைத் தமிழில் கேட்டதில்தான் பாதிப் பேருக்கு மூச்சு நின்றது. டாக்டர் அங்கிள் சமாளித்தார். "தம்பி, இது இண்டியன் டைம். நம்மகிட்ட அட்ஜஸ்ட் பண்ணிக்கணும்."

"எங்க நாட்டுலயும் இப்படித்தான் ஆரம்பிச்சுது சார். மொதல்ல கூட்டம் லேட்டாச்சு, ஒருத்தரும் கேக்கல. அப்புறம் ஒரே ஒரு கட்சிதான்னாவ, ஒருத்தரும் கேக்கல."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அண்ணாச்சி மட்டும் சிரிக்கவில்லை. காரில் திரும்பி வரும்போதுதான் விஷயத்தைச் சொன்னார்.

அவருக்கு ஒரு அண்ணன். கல்லூரியில் சரித்திர வாத்தியார். பஞ்ச காலத்தில் ஊருக்கு வரவேண்டிய நிவாரண மக்காச்சோளம் வரவில்லை. ஊர்க் கூட்டத்தில் அண்ணன் எழுந்து, லாரி எங்கே போயிற்று, யார் பொறுப்பு என்று அதிகாரியைக் கேட்டார். அடுத்த வாரம் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவரைக் கூட்டிப்போனார்கள். கோர்ட்டுக்கும் கொண்டுவரவில்லை, ஜெயிலில் இருக்கிறார் என்றும் சொல்லவில்லை. அம்மா ஒவ்வொரு போலீஸ் ஸ்டேஷனாக ஏறி இறங்கினாள். அப்படி ஒரு ஆளே எங்களிடம் இல்லை என்று எல்லா இடத்திலும் ஒரே பதில். ஒன்றரை வருஷம் ஆகிவிட்டது.

"இருக்கானா இல்லியான்னு மட்டும் ஒரு வார்த்தை சொன்னா போதும்வே" என்றார்.

இப்படி இருக்கையில், அவர்கள் நாட்டு மந்திரி ஒருவர் ஹூஸ்டன் டவுன்டவுனில் ஒரு ஹோட்டலுக்கு, தொழிலதிபர்களோடு மதியச் சாப்பாட்டுக்கு வருகிறார் என்று தெரிந்தது. வாசலில் மறியல் செய்வதென்று அண்ணாச்சி முடிவெடுத்தார். அங்கே படித்த கென்ய மாணவர்கள் பதினோரு பேரும் வருவதாகச் சொன்னார்கள். தூதரக ஆள் போட்டோ எடுப்பான், பாஸ்போர்ட் போய்விடும், ஊரில் குடும்பத்தைத் தொந்தரவு செய்வார்கள் என்பதால் எல்லோரும் தலையில் மளிகைக்கடை காகிதப் பையைக் கவிழ்த்துக்கொள்வதென்று ஏற்பாடு. அண்ணாச்சி உட்கார்ந்து பன்னிரண்டு பைகளுக்குக் கண் வெட்டினார்.

முந்தின நாள் மாலை போன் அடித்துக்கொண்டே இருந்தது. ஒருவனுக்குப் பரீட்சை, ஒருவனுக்குக் கார் ரிப்பேர், ஒருவனுக்குத் திடீரென்று காய்ச்சல். கடைசியில் பதினோரு பேரும் இல்லை. நானாக இருந்தால் தொலைபேசியைத் தூக்கி அடித்திருப்பேன். அண்ணாச்சி ஒவ்வொருவனையும் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி வைத்தார்.

"கோவமே வரலியாவே உமக்கு?" என்றான் சங்கரலிங்கம்.

"அவனுவ அம்மையும் அங்கதானவே இருக்கா."

"சரி, ஒத்தையில நின்னா நல்லாவா இருக்கும்? பை வேற வெட்டி வச்சாச்சு. நாங்க வாரோம்."

'நாங்க' என்றதும் ரெங்கா நாற்காலியிலிருந்து துள்ளிவிட்டான். "டேய், என்னை ஏண்டா இழுக்கிறே? நான் கிரீன் கார்டு அப்ளை பண்ண வேண்டியவன். மாட்டினா அடுத்த ப்ளைட்ல ஏத்தி விட்டுடுவான். என் பேரு எங்கேயும் வரக்கூடாது, சொல்லிட்டேன்!"

காலையில் கார் ஸ்டார்ட் ஆனபோது பின்சீட்டில் முதலில் உட்கார்ந்திருந்தது ரெங்காதான். பயம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு பையை வீட்டிலேயே மாட்டிக்கொண்டு வந்திருந்தான். இரண்டின் ஓட்டைகளும் நேராக அமையாததால் இடது கண் மட்டும்தான் தெரிந்தது.

ஹோட்டல் வாசலில் ஒரு போலீஸ்காரர் எங்கள் நான்கு பேரையும் ஏற இறங்கப் பார்த்தார். நடைபாதையில் இருக்கலாம், வழியை மறிக்கக்கூடாது, நின்றுகொண்டே இருக்கக்கூடாது, நடந்துகொண்டே இருக்க வேண்டும் என்றார். நடக்கவேண்டும் என்றால் எங்களுக்குத் தெரிந்த நடை ஒன்றுதானே? நடுவில் ஒரு பார்க்கிங் மீட்டர் இருந்தது. அதை வலமாகச் சுற்ற ஆரம்பித்தோம். ரெங்காவின் பைக்குள்ளிருந்து சுவாமி பேர் முணுமுணுவென்று வந்துகொண்டிருந்தது. மூன்றாவது சுற்றில் அண்ணாச்சிக்குச் சந்தேகம்.

"ஏம்வே ஒரே பக்கமா சுத்துதோம்? அந்தப் பக்கமும் சுத்தலாம்லா?"

"வலமா சுத்துனாத்தான்வே பலன்" என்றான் சங்கரலிங்கம்.

கோஷம் வேண்டுமே! சங்கரலிங்கம் கல்லூரி ஸ்டிரைக்குகளில் தொண்டை பழுத்தவன். "கென்ய அரசே, பதில் சொல்! அண்ணன் எங்கே, பதில் சொல்!" என்று தமிழிலேயே எடுத்துவிட்டான். நானும் ரெங்காவும் "பதில் சொல்! பதில் சொல்!" என்றோம். ஒரு வெள்ளைக்கார அம்மாள் ஆசையாக வந்து, பையில் இருந்த கடைப் பெயரைக் காட்டி, இன்றைக்கு ஏதாவது தள்ளுபடிக் கூப்பன் தருகிறீர்களா என்று கேட்டாள். ரெங்கா பணிவாக, இன்று இல்லை மேடம் என்றான்.

அதற்குள் கோட்டுப் போட்ட ஒரு ஆள் எதிரே வந்து நின்று எங்களைப் படம் எடுக்கத் தொடங்கினான். பின்னாலேயே நீளமான கறுப்புக் கார் வந்தது. மந்திரி இறங்கினார். வேடிக்கை எல்லாம் அங்கே முடிந்தது.

அண்ணாச்சி நின்றுவிட்டார். மெதுவாக, "பை மாட்டினவனுக்கு எந்த அண்ணன்னு அவருக்கு எப்படிவே தெரியும்?" என்றார். யாரும் தடுப்பதற்குள் பையைக் கழற்றி, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மந்திரியைப் பார்த்து ஆங்கிலத்தில் தன் முழுப் பெயரைச் சொன்னார். அண்ணன் பெயர், கல்லூரியின் பெயர், கூட்டிப்போன தேதி, எல்லாம் சொன்னார். குரல் உயரவில்லை. "என் அண்ணன் எங்கே ஐயா? யார் பொறுப்பு?"

மந்திரி புன்னகை செய்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், உள்ளே போனார். கேமரா மட்டும் கிளிக் கிளிக் என்று அடித்துக்கொண்டிருந்தது. நான் என் பையைக் கழற்றவில்லை. கை தலைவரை போனது, பயத்தில் இறங்கிவிட்டது. இத்தனை வருஷம் கழித்தும் அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பிறகு நடந்தது எதிர்பார்த்ததுதான். பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க மறுத்துவிட்டார்கள். அடைக்கலம் கேட்டு விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருந்தார். மாதம் ஒன்று வரும் அம்மாவின் கடிதமும் நின்றது. ஐந்து மாதம் ஒரு வரி கிடையாது.

அதைவிடக் கொடுமை, அண்ணாச்சி கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டார். பல்பு போயிற்று, கேட்கவில்லை. மேனேஜரே ஒருநாள் கதவைத் தட்டி, "உங்கள் உயரமான நண்பருக்கு உடம்பு சரியில்லையா?" என்று விசாரித்துவிட்டுப் போனார். ரெங்காவுக்குத் தாங்கவில்லை. வேண்டுமென்றே ரசத்தில் இரண்டு கை உப்பை அள்ளிப் போட்டான். அண்ணாச்சி ஒரு வார்த்தை பேசாமல் தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்து, இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு எழுந்துபோனார். ரெங்கா அடுப்படியில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

ஒரு சனிக்கிழமை கடிதம் வந்தது. தான்சானியா தபால்தலை. அம்மா சொல்லச் சொல்ல ஒரு பாதிரியார் எழுதி, எல்லை தாண்டிப் போனபோது தபாலில் சேர்த்திருந்தார். அண்ணாச்சி சாப்பாட்டு மேஜையில் எங்களை உட்கார வைத்து, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். அந்தத் தாய் எங்களிடம் பாளையங்கோட்டைத் தமிழில்தான் பேசினாள்.

"ரெண்டு போலீஸ்காரன் போட்டோவக் கொண்டுக்கிட்டு வந்தான். இது உன் மவனான்னு கேட்டான். ஆமாய்யா, அவனேதான், ரொம்ப மெலிஞ்சிட்டான், அஞ்சு வருசமா நான் அவனப் பாக்கலை, இந்தப் படத்த எனக்குத் தாரியளான்னேன். தரமாட்டேன்னுட்டான். அவன வாயப் பொத்திட்டு இருக்கச் சொல்லு, இல்லன்னா உன் மூத்தவன் வெளிய வரமாட்டான்னான்."

அண்ணாச்சி அந்த இடத்தில் நிறுத்தினார். அந்த வரியையே மறுபடி வாசித்து, அதற்குக் கீழே அம்மா சொல்லியிருந்ததையும் வாசித்தார். "மூத்தவன் வெளிய வரமாட்டான்னான். அப்பம் அவன் உள்ள இருக்கான்லா? உசுரோட இருக்கான்லா? மிரட்ட வந்தவன் பதிலச் சொல்லிட்டுப் போயிட்டான். அன்னைக்குத்தான் எனக்குச் சோறு இறங்குச்சு."

சங்கரலிங்கம் மேஜையை ஓங்கிக் குத்தினான். அண்ணன் விடுதலையாகி வீட்டுக்கு வர அதற்குமேல் இரண்டு வருஷம் ஆயிற்று. ஆனால் அன்று சாப்பாட்டு மேஜையில் நாங்கள் நான்கு பேரும் அழுத அழுகையைப் பார்த்தால் யாரோ செத்துப்போனார்கள் என்றுதான் நினைப்பார்கள்.

"இன்னும் இருக்குவே" என்று அண்ணாச்சி மூக்கைத் துடைத்துக்கொண்டு கடைசிப் பத்தியை வாசித்தார். "படத்துல தலையில பையோட மூணு பேரு நிக்கானுவளே, இவனுவ யாருன்னு போலீஸ்காரன் கேட்டான். அவங்களும் எம்புள்ளைகதான்னு சொல்லிட்டேன். பேரு கேட்டான். எனக்குத் தெரியலை. பெத்தவளுக்குப் பேரு தெரியாம இருக்கலாமா? எழுதி அனுப்பு."

பாதிரியார் முகவரிக்குப் பதில் எழுத அண்ணாச்சி ஒரு தாளை எடுத்து வைத்தார். நானும் சங்கரலிங்கமும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். ரெங்கா பேனாவைப் பிடுங்கி, அப்பா பெயர், தாத்தா பெயர், திருவல்லிக்கேணித் தெருப் பெயர் எல்லாம் சேர்த்து, தன் பெயரைப் பெரிய பெரிய எழுத்தில் முதலில் எழுதினான்.