பூநாரை பார்க்கப் போய் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு வந்த ஏழு பேர்

நம் ஊரை வெளியூர்க்காரர்கள் குறை சொன்னால் சிரித்துவிட்டு டீ போட்டுக் கொடுக்க வேண்டும். அதை விட்டுவிட்டு, "வாங்க, எங்க ஊரு அழகைக் காட்டுறேன்" என்று அவர்களைக் கூட்டிக்கொண்டு கிளம்பக் கூடாது. எனக்கு இந்த ஞானம் கொஞ்சம் தாமதமாக வந்தது. வருவதற்குள் இரண்டு குடும்பங்களை ஒரு சரக்குத் துறைமுகத்துக்குள் கொண்டுபோய் நிறுத்திவிட்டேன்.

நான்கு வருடங்களுக்கு முந்தைய கதை. எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. ராயபுரத்தில் வீடு. அப்பா, எங்களுக்கு நைனா, ஹார்பரில் முப்பத்திரண்டு வருடம் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். அக்கா ஸ்டெல்லா பக்கத்திலேயே ஒரு மருத்துவமனையில் நர்ஸ். அவளுக்குக் கோத்தகிரியில் மாப்பிள்ளை அமைந்தார். பெயர் அருள், வங்கியில் வேலை. கல்யாணம் முடிந்து ஆறு மாதம் ஆகியும் அவர் மலையில், இவள் கடலோரத்தில். வாரத்தில் ஏழு நாளும் போனில் குடித்தனம்.

இந்த நிலைமையில் மாப்பிள்ளைக்குச் சென்னைக்கு மாற்றல் வாங்கிக்கொள்ள ஒரு வாய்ப்பு வந்தது. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அவர் அப்பா அம்மாவைக் கேட்டுத்தான் சொல்வாராம். அவர்களோ, பையன் பிழைக்கப் போகும் ஊரை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்று வெள்ளிக்கிழமையே வந்து இறங்கிவிட்டார்கள். ஸ்டேஷனில் இருந்து வீட்டுக்கு வரும் வழியில் அத்தை (அக்காவின் மாமியாரை அத்தை, மாமனாரை மாமா என்றுதான் நானும் கூப்பிடுவேன்) மீன் வாடைக்குச் சேலைத் தலைப்பை மூக்கில் வைத்தவர், வீட்டுக்குள் வந்தும் எடுக்கவில்லை. அக்காவின் முகம் சுண்டிவிட்டது.

இங்கே ஒரு பழைய கணக்கைச் சொல்ல வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் நாங்கள் கோத்தகிரி போயிருந்தபோது, அவர்கள் எங்களை மலை ரயிலில் ஏற்றி, அப்புறம் பஸ்ஸில் ஏற்றி, காடு முழுக்கச் சுற்றிக் காட்டினார்கள். மாமா அந்தக் காட்டு வழியிலேயே பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். "அந்த வளைவுல காட்டெருமை நிக்கும்" என்பார், நிற்கும். "இங்க யானை வரும்" என்பார், வரும். என்னவோ இவர் சொல்லிவைத்தது போல. அப்போதே எனக்குள் ஒரு எரிச்சல் உட்கார்ந்துவிட்டது. எங்கள் பக்கம் மட்டும் என்ன குறைச்சல்? பழவேற்காட்டில் பூநாரை இல்லையா? ஏரி இல்லையா?

சனிக்கிழமை ஒரே நாள்தான் கையில் இருந்தது. அன்று காலை ஏழு பேரும் பழவேற்காட்டுக்குக் கிளம்பினோம். நான், நைனா, அம்மா, அக்கா, மாப்பிள்ளை, மாமா, அத்தை. ஒரு தாளில் நேரம் போட்டுப் பயணத் திட்டம் எழுதி, அதற்கு லேமினேஷன் வேறு செய்திருந்தேன் (என் வாழ்க்கையில் நான் லேமினேஷன் செய்த எதுவும் உருப்பட்டதில்லை). கிளம்பும்போது நைனாவைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு கட்டளை போட்டேன். ஹார்பர், கிரேன், கன்டெய்னர் என்று ஒரு வார்த்தை வாயில் வரக்கூடாது. இன்று இயற்கை மட்டும்தான். முப்பத்திரண்டு வருடம் அதைத் தவிர வேறு எதையும் பேசாத மனிதர். தலையை ஆட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

கும்மிடிப்பூண்டி ரயிலில் இடம் கிடைத்தது. கொருக்குப்பேட்டை வந்ததும் இரண்டு பக்கமும் கூட்ஸ் வண்டிகள். எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியாமல் எல்லோரையும் வானத்தைப் பார்க்கச் சொன்னேன். தண்டையார்பேட்டையில் எண்ணெய் டாங்கிகள் தெரிந்தபோது இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தேன். எண்ணூர் தாண்டும்போது மாமா ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்து, "அது என்னம்மா, அவ்வளவு உயரமா?" என்று கேட்டார். அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி. நான் கொஞ்சமும் கூசாமல், "அதெல்லாம் ஒண்ணுமில்ல மாமா, இந்தப் பக்கம் பாருங்க, காடு" என்று ஒரு புதரைக் காட்டினேன்.

அவர் பார்த்தார். "வேலிக்காத்தான்தானே?" என்றார்.

முப்பது வருடம் காட்டுக்குள் பஸ் ஓட்டியவரிடம் காட்டைப் பற்றிப் பேசியிருக்கக் கூடாது. ஆனால் நான் விடவில்லை. "கடலோர வகை" என்றேன்.

பழவேற்காட்டுக்குப் பொன்னேரியில் இறங்கி பஸ் ஏறுவார்கள். எல்லோரும் போகிற வழி. கைபேசி வரைபடத்தில் மீஞ்சூரில் இருந்து காட்டுப்பள்ளி வழியாகக் கடலோரமாகவே ஒரு கோடு போனது. கோட்டின் இரண்டு பக்கமும் பச்சை. பெயரிலேயே காடு இருக்கிறது, இதைவிட என்ன வேண்டும்? எல்லோரையும் மீஞ்சூரில் இறக்கினேன். "அந்தாண்ட காடுன்னு எதுவும் இல்லம்மா" என்று நைனா ஆரம்பித்தார். திட்டத்தாளைக் காட்டி அடக்கினேன்.

ரோட்டோரம் ஒரு பஸ் உறுமிக்கொண்டு நின்றது. முன்கண்ணாடியில் காட்டுப்பள்ளி என்று ஒரு அட்டை. டிரைவர் தலையை வெளியே நீட்டி, "காட்டுப்பள்ளியா? ஏழு பேரா?" என்றார். ஆமாம் என்றேன். "இன்னாம்மா நீங்க, எவ்ளோ நேரமா நின்னுகினு கீறேன். ஏறுங்க" என்றார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. எங்கள் பக்கத்து மரியாதையை அத்தை பார்த்துக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். கண்டக்டர் இல்லை, டிக்கெட்டும் இல்லை. பெண்களுக்கு இலவசம், சரி. ஆண்களுக்கும் இலவசம் என்று எப்போது சட்டம் வந்தது என்று மட்டும் யோசிக்கவில்லை. பஸ்ஸில் இருந்த மற்றவர்கள் எல்லோரும் ஒரே நீலச் சட்டை போட்டு, டிபன் பையை மடியில் வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். இந்தப் பக்கத்து மக்கள் ஒற்றுமையானவர்கள் என்று அத்தையிடம் சொன்னதாக அக்கா இன்றும் சத்தியம் செய்கிறாள்.

பஸ் ஒரு பெரிய கேட்டுக்குள் நுழைந்து நின்றது. செக்யூரிட்டி எண்ணினார். ஏழு. ஒரு இளம்பெண் வந்து எங்களை ஒரு குளிர்சாதன அறைக்குள் அழைத்துப்போய், ஆளுக்கு ஒரு மஞ்சள் ஹெல்மெட் கொடுத்தாள். வரிசையாக நிற்க வைத்துப் போட்டோ எடுத்தாள். பிறகு திரையில் படம் ஓடியது. தீப்பிடித்தால் எப்படி ஓடுவது, மேலிருந்து பாரம் இறங்கும்போது எங்கே நிற்கக் கூடாது.

அத்தை ஹெல்மெட்டுக்கு அடியில் கொண்டை இடித்ததால் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். இது எதற்கு என்று கேட்டார். படகில் போவதற்கு அரசாங்கம் புதிதாகக் கொண்டுவந்த பாதுகாப்பு ஏற்பாடு என்றேன். (நான் பொய் சொல்லவில்லை. அந்த நிமிடம் அதை நம்பினேன். அதுதான் கேவலம்.)

நைனா என் காதருகே குனிந்தார். "ரெஜினா, இது ஏதோ கம்பெனி யார்டும்மா. நாரை பார்க்க எவனாவது ஹெல்மெட்டு குடுப்பானா?"

"நீ சும்மா இரு நைனா. மானத்த வாங்காத" என்றேன்.

மானத்தை வாங்க வேறு ஒருவர் கதவைத் திறந்துகொண்டு வந்தார். கேன்டீன் மேனேஜர். எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, புதிதாக வந்த ஏழு பேரில் யாருக்குப் பெரிய அடுப்பில் சமைத்துப் பழக்கம், யார் வெங்காயம் உரிப்பது என்று கேட்டார். எங்கள் அம்மா, பாவம், யார் கேட்டாலும் பதில் சொல்லிவிடுகிறவள், "நான் நல்லா மீன் கொழம்பு வெப்பேன்" என்றாள்.

அதே நேரத்தில் வெளியே சத்தம். கேன்டீனுக்கு வேலைக்கு வரவேண்டிய நிஜமான ஏழு பேர் பஸ்ஸைத் தவறவிட்டு, ஷேர் ஆட்டோ பிடித்து வந்து கேட்டில் நிற்கிறார்கள். ஏழு பேர் ஏற்கெனவே உள்ளே போயாச்சு என்று செக்யூரிட்டி அவர்களை விரட்டிக்கொண்டிருக்கிறார்.

அடுத்த கால் மணி நேரத்தை நான் விவரமாக எழுதப் போவதில்லை. பாதுகாப்பு அதிகாரி வந்தார். எங்கள் ஆதார் அட்டைகளை மேஜைமேல் பரப்பினார். உள்ளே வந்த நோக்கம் என்ன என்று கேட்டார். பூநாரை பார்க்க என்றேன். அவர் என் லேமினேஷன் தாளை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். அனுமதி இல்லாமல் நுழைந்தவர்களைப் போலீஸில் ஒப்படைப்பதுதான் விதி என்றார். அக்கா அழ ஆரம்பித்தாள். மாப்பிள்ளையின் முகத்தில், இந்த ஊருக்கு மாற்றல் வாங்குவதைவிட வேலையையே விட்டுவிடலாமா என்று ஒரு யோசனை ஓடுவது தெரிந்தது. ஊர்ப் பெருமை பேசிய எனக்கு, "தப்பு என்னுதுதான் சார்" என்று மூன்று வார்த்தை சொல்ல அவ்வளவு நேரம் ஆனது.

மாமா எழுந்தார். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. "நான் முப்பது வருஷம் பஸ் ஓட்டினவனுங்க. தப்பான வண்டியில ஏறுன ஆளுங்க தினம் ஒருத்தராவது இருப்பாங்க. அவங்களத் திட்டி என்னங்க ஆகப்போகுது? சரியான இடத்துல இறக்கிவிட்டா முடிஞ்சது" என்றார்.

அதிகாரி ஆதார் அட்டைகளை அடுக்கித் திருப்பிக் கொடுத்தார். பிறகு ஒரு தாளில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஷிஃப்ட் முடிந்து மூன்று மணிக்குத்தான் பஸ், அதுவரை கேன்டீனை விட்டு நகரக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

மணி அப்போது பதினொன்றுதான். கேன்டீனில் பின்பக்கம் முழுக்கக் கண்ணாடி. அதற்கு அந்தப் பக்கம் கடல், ஒரு கப்பல், கப்பலுக்கு மேலே நான் காலையிலிருந்து மறைத்துக்கொண்டு வந்த அத்தனை கிரேனும் வரிசையாக நின்றன. மாமா கண்ணாடியில் ஒட்டிக்கொண்டார்.

"சம்பந்தி, அந்தப் பெட்டி ஒண்ணு எவ்வளவு கனம் இருக்கும்?"

நைனா என்னைப் பார்த்தார். அனுமதி கேட்கிற பார்வை. இனி என்ன, பேசுங்கள் என்று கையைக் காட்டினேன். அவ்வளவுதான். அடைத்துவைத்த தண்ணீர் மாதிரிப் பேச்சு வந்தது. காற்று எந்தப் பக்கம் அடித்தால் பெட்டி எப்படி ஆடும், ஆடுகிற பெட்டியை எப்படி ஒரே இழுப்பில் அடக்குவது, மேலே கூண்டில் தனியாக உட்கார்ந்திருக்கும்போது கீழே மனிதர்கள் எப்படித் தெரிவார்கள். மாமா கொண்டை ஊசி வளைவில் பஸ் திருப்புவதை அதற்குப் பதிலாகச் சொன்னார். கல்யாணத்தில்கூட "சாப்டீங்களா" என்பதைத் தாண்டாத இரண்டு பேரும் வெறும் கையால் காற்றில் கியர் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அம்மாவும் அத்தையும் சும்மா உட்கார முடியாமல், நிஜமான ஏழு பேரோடு சேர்ந்து வெங்காயம் உரித்தார்கள். மேனேஜர் எங்களுக்கும் சாப்பாடு போட்டார். அம்மா சொன்ன பக்குவத்தில் வைத்த வஞ்சிரக் குழம்பை அத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சேலைத் தலைப்பு எப்போது மூக்கை விட்டு இறங்கியது என்று நான் கவனிக்கவில்லை.

திரும்பும் ரயிலில் நான் தலை நிமிரவில்லை. திருவொற்றியூர் தாண்டும்போது மாமா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஏம்மா, எங்க வீட்டுச் சன்னலத் திறந்தா மரம்தான். அதப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம்? பையன் கடலையும் கப்பலையும் பார்த்துட்டு இருக்கட்டும். நாங்களும் வந்து வந்து பார்த்துக்குறோம்."

அக்கா மறுபடியும் அழுதாள். இந்தமுறை மாப்பிள்ளை கைக்குட்டை கொடுத்தார். திங்கட்கிழமை அவர் சரி என்று எழுதிக் கொடுத்தார். இப்போது எங்கள் தெருவிலேயே குடியிருக்கிறார்கள்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது போலத் தெரிகிறதல்லவா? எனக்கு முடியவில்லை. ஹெல்மெட் போட்டு எடுத்த அந்தப் போட்டோவை மாமா எப்படியோ மேனேஜரிடம் பேசி வாங்கி, கோத்தகிரி வீட்டு ஹாலில் பெரிதாக மாட்டிவிட்டார். பார்க்கிறவர்களிடம் எல்லாம், மருமகள் வீட்டில் மொத்தப் பேருக்கும் துறைமுகத்தில்தான் உத்தியோகம் என்று முகம் மாறாமல் சொல்கிறாராம். நடுவில் விறைப்பாக நிற்கும் பெண் யார் என்று கேட்டால், "அதுதான் கிரேன் ஓட்டுற பொண்ணு."

போன மாதம் அங்கிருந்து எனக்கு ஒரு வரன் வந்தது. நல்ல குடும்பம். பையனின் அம்மா போனில் ரொம்ப நேரம் அன்பாகப் பேசிவிட்டு, அவ்வளவு உயரத்தில் கிரேன் ஓட்டப் பயமாக இல்லையா என்று கேட்டார். அப்படியெல்லாம் இல்லை ஆன்ட்டி, நான் ஒரு ஆடிட்டர் ஆபீசில் வேலை செய்கிறேன் என்று உண்மையைச் சொன்னேன்.

"அப்படியா" என்றார். "பையன்தான் ரொம்ப ஆசைப்பட்டான்."